ஜன்னலில் நின்ற பையன்

வெற்றுச் சிமெண்டுத் தரையில் நான்கு சின்னச் சக்கரங்கள் உருளும் சத்தம் எங்கே கேட்டாலும் எனக்கு மண்ணெண்ணெய் வாசம் அடிக்கும். மண்ணெண்ணெயும் அச்சு மையும் கலந்து, மெஷின் துடைத்த ‘வேஸ்ட்’ துணியிலிருந்து வருமே, அந்த வாசம். சிவகாசியில் எங்கள் அச்சகத்துக்குப் பின்னால் இருந்த பேப்பர் குடோனில்தான் அந்தச் சத்தத்தை முதன்முதலாகக் கேட்டேன் என்பதால், காதும் மூக்கும் அன்றைக்கே கூட்டுச் சேர்ந்துகொண்டன, இன்றுவரை பிரியவில்லை.

வருடத்தின் பெரும்பகுதி அந்தக் குடோனில் ஆள் நடக்க இடம் இருக்காது. தரையிலிருந்து கூரை வரை ‘ரீம்’ ரீமாகக் காகிதம் அடுக்கியிருக்கும். நடுவில் பக்கவாட்டில் நகர்ந்துதான் போய்வர வேண்டும். பொங்கல் கழிந்து, காலண்டர் சீசன் ஓய்ந்து, கடைசிக் கட்டும் லாரி ஏறிப் போனபிறகு எல்லாம் வடிந்துவிடும். தீபாவளிப் பட்டாசு லேபிளுக்கான காகித லோடு வந்து இறங்கும்வரை குடோன் சும்மா கிடக்கும். பல வருடம் கட்டுகளை இழுத்து இழுத்து வழுவழுத்துப் போன தரை, மேற்குச் சுவரில் இடுப்பு உயரத்தில் ஒரே ஒரு ஜன்னல், வெளிச்சத்தில் அவசரமில்லாமல் மிதக்கும் காகிதத் தூசி. கூப்பிட்டால் நம் குரல் கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரும்பி வரும். அந்த நாட்களில் அது எங்கள் குடோன் என்றே எனக்குத் தோன்றாது. எங்கிருந்தோ மிதந்து வந்து எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கிற இடம்போல இருக்கும்.

நான் ஏழாம் வகுப்பு படித்த வருடம், அப்படிக் காலியாகக் கிடந்த குடோனுக்குள் ஸ்கேட்போர்டு வந்தது. கொண்டுவந்தவர் தாயில்பட்டிப் பக்கம் பட்டாசுக் கம்பெனி வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர். அவருடைய சிங்கப்பூர்ப் பேரன் லீவுக்கு வந்துவிட்டு, திரும்பும்போது அதை விட்டுப் போயிருந்தான். அண்ணாச்சிக்கோ அந்த வருடம் புதுச் சரக்கு ஒன்றை இறக்க வேண்டும். ‘ஸ்கேட்டிங் சக்கரம்’ என்று தரைச்சக்கரத்துக்குப் பெயரும் வைத்துவிட்டார். லேபிள் வரைவது எங்கள் சித்தப்பா. பலகையை அவர் மேஜைமேல் வைத்துவிட்டு அண்ணாச்சி சொன்னார்:

“மயிலு போட்டாச்சு, புலி போட்டாச்சு, நடிகை படமும் போட்டாச்சு. இந்தத் தடவ சக்கரத்து மேல ஏறிப் பறக்குற பிள்ளைய ஒண்ணு போடுங்க தம்பி.”

சித்தப்பா மதுரையைத் தாண்டி எங்கும் போகாதவர். ஆனால் பனிமலை, நயாகரா, ஆகாயக் கப்பல் என்று அவர் கை தொடாத இடம் உலகத்தில் கிடையாது. வெளிநாட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பையனை வெட்டி ஒட்டி, பின்னால் தீப்பொறி தூவி, ஒரே மத்தியானத்தில் அந்த லேபிளை அவரால் முடித்துக் கொடுத்திருக்க முடியும். ஏனோ பலகையைக் கையில் எடுத்ததும் அவருக்கு ஆசை வந்துவிட்டது. நம் வீட்டுப் பிள்ளையை நிற்கவைத்து நிஜமாகவே போட்டோ பிடிக்க வேண்டும் என்றார். அவர் சொல்லி முடிக்குமுன் நான் பலகைமேல் ஏறி நின்று, ஏறிய வேகத்திலேயே பின்பக்கமாக விழுந்தும் ஆயிற்று.

சிவகாசிப் பிள்ளைகளுக்கு மட்டுமே விளங்கும் ஏக்கம் ஒன்று உண்டு. யார் யாரோ பிள்ளைகளின் சிரித்த முகங்கள் எங்கள் கண்முன்னால் கட்டுக்கட்டாக அச்சாகி, காய்ந்து, வெட்டுப்பட்டு ஊர் ஊராகப் போகும். எங்கள் முகம் ஒன்றுகூடப் போகாது. தீபாவளியன்று எங்கோ தெரியாத ஊரில் ஒரு பிள்ளை பெட்டியைக் கையில் எடுத்து என் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று நான் எவ்வளவோ நாள் ஆசைப்பட்டிருக்கிறேன். இந்த வாய்ப்பை விட எனக்கு மனமில்லை.

பெரியப்பாவுக்கு இதெல்லாம் வீண் வேலை. தன் மகன் பிரவீனை ஸ்டூலிலிருந்து குதிக்கச் சொல்லி போட்டோ எடுத்து, காலடியில் பலகையை ஒட்டிவிட்டால் போதும் என்றார். பிரவீனும் முடியை வாரிக்கொண்டு தயாராகவே இருந்தான். நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். கடைசியில் சித்தப்பா ஒரு தீர்ப்புச் சொன்னார்: காகித லோடு வந்து இறங்குவதற்குள் நான் பலகையோடு நிஜமாகத் தாவிக் காட்டினால் லேபிளில் நான். முடியாவிட்டால் ஸ்டூலும் பிரவீனும்.

நிஜமாகத் தாவுவது எப்படி என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பஸ் ஸ்டாண்டு அருகில் புதிதாகத் திறந்திருந்த ‘பிரௌசிங் சென்டருக்கு’ப் போய், வெகுநேரம் தேடி, புதிதாகப் பழகுவோருக்கான கோட்டுப் படம் ஒன்றைச் சித்தப்பா சி.டி.யில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஒரு பையன் பலகைமேல் நிற்கிறான். சுற்றிலும் அம்புக்குறி போட்டு ஒவ்வொன்றுக்கும் பெயர். காகிதத்தில் எடுத்தால் கிழிந்துவிடும் என்று, வேறு ஒரு வேலைக்கு அச்சுப் பிலிம் எடுத்தபோது காலியாகக் கிடந்த பாதியில் அதையும் பெரிதாக்கிச் சேர்த்து எடுத்துவிட்டார். அச்சகத்துக்காரன் புத்தி வேறு எப்படிப் போகும்? அந்தக் கண்ணாடிபோன்ற பிலிமை வெட்டி, குடோன் ஜன்னலில் உடைந்திருந்த கண்ணாடிக்குப் பதிலாக மாட்டினார். காற்றும் அடைபட்டது, பாடமும் ஆயிற்று.

அன்றுமுதல் அந்தப் பையன்தான் எனக்கு எல்லாம். பலகைக்கு ‘டெக்’ என்று பெயர். அதன் அடியில் சக்கரங்களைத் தாங்கி நிற்கும் இரும்புக்கு ‘ட்ரக்’. பிரவீன் கடைசிவரை அதை ‘லாரி’ என்றுதான் சொன்னான். சக்கரத்துக்குள் சுழல்வது ‘பேரிங்’. அது எங்களுக்குப் புதிதில்லை. மெஷினில் பார்த்ததுதான், சொட்டு எண்ணெய் விட்டால் ரகசியம் பேசுவதுபோல் ஓடும். முன்னால் நிமிர்ந்த முனை ‘நோஸ்’, பின்னால் நிமிர்ந்தது ‘டெயில்’. எங்கள் வாயில் அவை மூக்கும் வாலும் ஆயின. ஒரு காலால் தரையை உந்திப் போவது ‘புஷ்’. வாலை அழுத்தி மூக்கைத் தூக்கித் திருப்புவது ‘கிக் டர்ன்’. பின்சக்கரங்களில் மட்டும் சமாளித்து ஓடுவது ‘மேனுவல்’. எல்லாவற்றுக்கும் மேலே ‘ஆலி’: பின்காலால் வாலைத் தரையில் ஓங்கித் தட்டி, முன்காலைப் பலகைமேல் தேய்த்தபடியே உயர்த்த, கையால் தொடாமலே பலகை காலோடு ஒட்டிக்கொண்டு எழும்பும். அதைத்தான் நாங்கள் ‘தாவு’ என்றோம். எனக்கு வேண்டியது அந்த ஒரு தாவுதான்.

அம்மாவுக்குப் பலகையைக் கண்டதுமே ஆகவில்லை. கால் வழுக்காமல் இருக்க அதன் மேற்பரப்பில் ‘கிரிப் டேப்’ என்று கறுப்பாக, சொரசொரப்பாக உப்புத்தாள்போல ஒன்று ஒட்டியிருக்கும். அம்மா விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

“ஏ தம்பி, இதென்ன தீப்பெட்டி சைடு கணக்கா இருக்கு? பிள்ள இது மேல ஒரசிக்கிட்டே நிக்கிதே, பத்திக்கிடாதா?”

“உப்புத்தாளுதான் மதினி. பயப்படாதீக,” என்றார் சித்தப்பா.

உரசினால் தீ என்று கேட்டே வளர்ந்த ஊரில் இந்தச் சமாதானம் எடுபடுமா? நான் பலகையை எடுத்தபோதெல்லாம் அம்மா ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து குடோன் வாசலில் வைத்துவிட்டுத்தான் அடுப்படிக்குப் போவாள். போகிறபோக்கில் இருக்கன்குடி இருந்த திசையைப் பார்த்து, பிள்ளைக்குக் கால் ஒடியாமல் இருந்தால் வெள்ளியில் ஒரு கால் செய்து போடுவதாக மாரியாத்தாளிடம் வேண்டிக்கொள்வாள். இவ்வளவு பாதுகாப்போடு உலகத்தில் வேறு யாரும் ஸ்கேட்டிங் பழகியிருக்க மாட்டார்கள்.

பள்ளிக்கூடம் விட்டு வந்து பையை எறிந்துவிட்டு நேரே குடோன்தான். ஜன்னலில் பையன் எனக்காகக் காத்திருப்பான். அவன் வலது காலை மூக்குப் பக்கம் வைத்து, இடது காலை வால்மேல் ஊன்றி நிற்பான். நானும் அப்படியே நிற்பேன். அவன் முழங்காலை மடக்கியிருக்கும் அளவுக்கு நானும் மடக்குவேன். தோளைத் திருப்பியிருப்பதுபோலத் திருப்புவேன். உருளுவது சீக்கிரம் வந்துவிட்டது. தடுமாற்றம் இருந்தாலும், கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு குடோனின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போகும்போது, தரைதான் எனக்குக் கீழே நகர்கிறது, நான் சும்மா நிற்கிறேன் என்று தோன்றும். சக்கரச் சத்தம் சுவரில் பட்டு எல்லாப் பக்கமிருந்தும் வரும். எத்தனையோ சாயங்காலங்கள் அந்தச் சத்தத்துக்குள்ளேயே கரைந்து போயின. அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்த இடம் வேறில்லை.

ஆனால் தாவு மட்டும் வரவே இல்லை. வாலைத் தட்டினால் பலகை ஒரு பக்கம் ஓடும், நான் ஒரு பக்கம் விழுவேன். இடது கால் தட்டுவதற்குப் பதில் மிதித்தது; வலது கால் எழும்ப வேண்டிய நேரத்தில் யோசித்தது. இரண்டும் ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள்போல நடந்துகொண்டன. இடுப்பில் ரத்தம் கட்டியது, முழங்கை தேய்ந்தது. பையனைப் பார்த்து, ‘நான் என்ன தப்புப் பண்றேன்?’ என்று கேட்பேன். அவன் வலது காலை நீட்டியபடியே நிற்பான். படத்தில் உள்ளதை மாற்றி நின்று பார்க்கலாமே என்று எனக்கும் தோன்றவில்லை, சித்தப்பாவுக்கும் தோன்றவில்லை. எங்கள் வீட்டில் படத்தில் இருப்பது வேதம். அப்படியே அச்சில் எடுத்தால்தான் ஆர்டர் கொடுத்த பார்ட்டி காசு கொடுப்பான்.

மாசி போய்ப் பங்குனி பிறந்தது. லோடு எந்த நேரமும் வரலாம் என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். பிரவீன் ஸ்டூலைக் கொண்டுவந்து குடோனில் போட்டு, பயிற்சி என்று சொல்லிக் குதிக்கத் தொடங்கினான். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். தோற்றுப்போவேன் என்று தெரிந்தபிறகும் தினமும் பலகையில் ஏறுவது எவ்வளவு கஷ்டம் என்பதை அந்த வயதிலேயே தெரிந்துகொண்டேன்.

அன்று ஒரு சனிக்கிழமை. சாயங்காலம் தெருமுனையில் லாரி ஹாரன் கேட்டது. காகித லோடு. “எறக்கிறலாமா முதலாளி?” என்று லோடுமேன் யாரோ அப்பாவிடம் கேட்கும் குரலும் கேட்டது. நான் குடோன் நடுவில் பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். ஜன்னல் பக்கம் திரும்பக்கூட மனம் இல்லை. பையன்மேல் அவ்வளவு கோபம். அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தரையைப் பார்த்தேன்.

தரையில் பையன் நின்றுகொண்டிருந்தான்.

பங்குனி மாதம் சூரியன் நேர் மேற்கே இறங்கும் அல்லவா? அதுவரை எதிர்க்கட்டடத்தின் பின்னால் மறைந்து போய்க்கொண்டிருந்த வெயில், அந்த நாட்களில் இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் இருந்த சந்து வழியாக நேராக எங்கள் ஜன்னலுக்கு வந்துவிட்டது. பிலிம் வழியே உள்ளே விழுந்து, பையனை என் உயரத்துக்கு நீட்டி, மஞ்சள் தரையில் படுக்கவைத்திருந்தது. அம்புக்குறிகளும் எழுத்துகளும்கூட அவனைச் சுற்றிக் கிடந்தன. ஏதோ ஒன்று வித்தியாசமாகப் பட்டது. பிறகு உறைத்தது: எழுத்துகள் நேராக இருந்தன.

இவ்வளவு நாளும் ஜன்னலில் இருந்த எழுத்துகள் திரும்பியிருந்திருக்கின்றன. சித்தப்பா பிலிமைப் பின்பக்கம் முன்னாக மாட்டியிருந்திருக்கிறார். அதைத்தான் வெயில் தரையில் புரட்டிப் போட்டு நேராக்கியிருந்தது. வேறு எந்த வீடாக இருந்தாலும் முதல் நாளே கண்டுபிடித்திருப்பார்கள். நாங்களோ தவழும் வயதிலிருந்தே பிலிமிலும் ஈய அச்சிலும் திரும்பிய எழுத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள். எந்தப் பக்கம் இருந்தாலும் எங்களுக்கு அது படிக்கவரும், படிக்கவருவதாலேயே கண்ணில் படாது. எழுத்து திரும்பியிருந்தால் பையனும் திரும்பித்தானே இருந்திருப்பான்? தரையில் கிடந்த பையனின் இடது கால்தான் முன்னால் இருந்தது.

நான் பலகையை அவன்மேல் வைத்தேன். அவன் இடது பாதத்தின்மேல் என் இடது பாதத்தையும், அவன் வலது பாதத்தின்மேல் என் வலது பாதத்தையும் வைத்தேன். உடம்பு முழுக்க ‘அப்பாடா’ என்றது. வெகுநாள் இடம் வலம் மாற்றிச் செருப்புப் போட்டு நடந்தவள் சரியாகப் போட்டுக்கொண்டதுபோல இருந்தது. இடது காலை முன்வைத்து நிற்பதற்கு ‘ரெகுலர்’ என்றும், வலதை வைத்து நிற்பதற்கு ‘கூஃபி’ என்றும் பெயர், இரண்டுமே சரிதான், யாருக்கு எது இயல்போ அது என்பதெல்லாம் பின்னாளில் தெரிந்துகொண்டது. அன்றைக்குத் தெரிந்தது ஒன்றுதான். என் கால்கள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கிவிட்டன.

வாலைத் தட்டினேன். ‘டக்’ என்ற சத்தம். இடது பாதம் சொரசொரப்பில் தேய்ந்து மேலே போக, பலகை காலோடு எழும்பி வந்தது. ஒரு சாண்கூட இருக்காது. ஆனால் அந்தச் சாணில் எனக்குக் கீழே நிழல் பையனும் வெயிலும் தவிர வேறு ஒன்றும் இல்லை. நான்கு சக்கரமும் ஒன்றாக வந்து இறங்கின.

“சித்தப்பாஆஆ!” என்று நான் கத்திய கத்தலில் அம்மா வாளியோடு ஓடி வந்தாள்.

சித்தப்பா கேமராவைத் தூக்கிக்கொண்டு வருவதற்குள் லாரி வாசலுக்கே வந்துவிட்டது. அவர் இரண்டு கையையும் விரித்து லாரிக்கு முன்னால் நின்றார். “ஏலே, கொஞ்சம் பொறுங்கலே! பிள்ள தாவப் போகுது!” லோடுமேன்கள் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரமாக வந்து நின்றார்கள். அப்பாவும் பெரியப்பாவும் வந்தார்கள். பிரவீன் ஸ்டூல்மேல் ஏறி நின்றான். குதிக்க அல்ல, பார்க்க. இத்தனை பேர் முன்னால் முதல் தரம் தட்டியபோது விழுந்தேன். யாரும் சிரிக்கவில்லை. “எந்தி தாயி, ஒண்ணும் ஆகல,” என்றார் முன்பின் தெரியாத ஒரு லோடுமேன். எழுந்தேன். வெயில் நகர்ந்து நிழல் பையன் சுவர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தான். அவன் போவதற்குள் மறுபடியும் தட்டினேன். கேமரா ‘க்ளிக்’ என்றது.

அரை மணி நேரத்தில் ரீம்கள் உள்ளே வந்து தரையை மூடிவிட்டன.

லேபிள் முதல் தாள் ஓடிய அன்று நான் மெஷின் பக்கத்திலேயே நின்றேன். ஈரமான காகிதத்தில் நீல வானம், பொறிகள், நடுவில் நான், பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி. ஆனால் என் வலது கால் முன்னால் இருந்தது. சித்தப்பா என்னைத் திருப்பிப் போட்டிருந்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் பதறிப்போய் விளக்கினார். “பேரு இந்தப் பக்கம் இருக்குல்ல காமு? முகம் பேரப் பாத்து இருக்கணும். வெளிய பாத்து வச்சா யாவாரம் வெளிய போயிரும். அண்ணாச்சி ஒத்துக்கிட மாட்டாரு.” லேபிள் தொழிலில் அப்படி ஒரு நம்பிக்கை உண்டுதான். இருந்தாலும் எவ்வளவோ நாள் என்னை விழவைத்த அந்த நிற்பிலேயே நாடு முழுக்க நான் நிற்கப் போகிறேன் என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

அந்த வாரமே இருக்கன்குடிக்குப் போனோம். அம்மா கோயில் வாசல் கடையில் வெள்ளித் தகட்டில் அச்சடித்த ஒரு கால் வாங்கினாள். நான் அப்போதும் உம்மென்றுதான் இருந்தேன். அம்மா தகட்டை என் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

“இந்தா பாரு, இப்படிப் பிடிச்சா வலது, அப்படிப் பிடிச்சா இடது. எந்தக் காலுன்னு ஆத்தாளுக்குத் தெரியாதாக்கும்?”

உண்டியலில் அது விழுந்த சத்தத்தோடு என் அழுகையில் பாதி போய்விட்டது.

இப்போது நான் விருதுநகரில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சூலக்கரையில் கலெக்டர் ஆபீஸ் பக்கத்து ரோடு ஆளரவமற்றுக் கிடக்கும். என் மகள் யாழினி அங்கே பலகை ஓட்டுகிறாள். அவளுக்குப் படம் வேண்டாம், ஜன்னல் வேண்டாம். எல்லாம் போனில் நகர்ந்து காட்டுகிறது. தலைக்கவசம், முழங்கால் உறை எல்லாம் உண்டு, தண்ணீர் வாளிதான் இல்லை. அச்சகத்தைப் பிரவீன் நடத்துகிறான். பிலிம் என்ற ஒன்றே கிடையாது. கம்ப்யூட்டரிலிருந்து நேரே பிளேட். குடோனை இடித்து மாடி எழுப்பி, ஜன்னல் இருந்த இடத்தில் ஏ.சி. மாட்டிவிட்டார்கள். அண்ணாச்சி காலத்தோடு ‘ஸ்கேட்டிங் சக்கரமும்’ போயிற்று. மிச்சம் இருப்பது என் பீரோவில் ஒரே ஒரு லேபிள்.

போன மாதம் அதை யாழினி எடுத்துப் பார்த்துவிட்டு, “அம்மா, நீ கூஃபியா?” என்று கேட்டாள். நான் கதையைச் சொன்னேன். அவள் ஓடிப்போய் லேபிளைப் பின்பக்கமாகத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். காகிதத்தின் ஊடாக நான் தெரிந்தேன், மங்கலாக, இடது காலை முன்வைத்து. இத்தனை வருடம் எனக்கு இது தோன்றவே இல்லை.

சித்தப்பா அன்று எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். கண்ணில் ஆபரேஷன் ஆகி, கனத்த கண்ணாடி போட்டிருந்தார். யாழினி அவரை ஜன்னலுக்குக் கூட்டிவந்து, திருப்பிப் பிடித்த லேபிளைக் காட்டி, “தாத்தா, இதுல என்ன தப்பு இருக்கு, சொல்லுங்க பாப்போம்,” என்றாள்.

அவர் கிட்டே போய், திரும்பிக் கிடந்த எழுத்துகளை ‘ஸ்கேட்டிங் சக்கரம்’ என்று தட்டுத் தடங்கல் இல்லாமல் வாசித்தார். பிறகு வானத்தைப் பார்த்தார், பொறிகளைப் பார்த்தார், என்னை வெகுநேரம் பார்த்தார்.

“ஒரு தப்பும் இல்லையே தாயி,” என்றார். “காமு தாவுறா. நல்லாத்தான தாவுறா.”